மழைக்காலத்திற் புறப்பட மறுக்கும் சிறு பெட்ரோல் எஞ்சின்கள்

தாணே கழிமுகத்தின் கீழ்க்கரையில் அமைந்த வாஷி, 1970-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சிட்கோ நிறுவனம் திட்டமிட்டு எழுப்பிய நவி மும்பை நகரின் தொடக்கப் பகுதிகளுள் ஒன்றாகும். தூங்குமூஞ்சி, செம்மயிற்கொன்றை, இயல்வாகை முதலிய மரங்கள் மும்பை வட்டாரத்துச் சாலையோரங்களில் மிகுதி. இவற்றுட் பின்னவை இரண்டும் பெருங்காற்றில் எளிதில் முறிவன. தென்மேற்குப் பருவமழை மும்பையை எட்டும் நாள் சராசரியாக ஜூன் 11 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆதலின் அதற்கு முந்தைய வாரங்களிற் கிளை கழிக்கும் வேலை நடைபெறும். 2021 மே 17 அன்று டௌக்டே புயல் மும்பைக்கு மேற்கே கடலிற் சென்றபோது இவ்வட்டாரத்தில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. இத்தகைய நாளில், பல மாதம் கிடங்கிற் கிடந்த சங்கிலி இரம்பம் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் புறப்படவில்லையெனின், ஆம்புலன்ஸ் வண்டியும் சாய்ந்த மரத்தின் முன் நிற்க வேண்டியதுதான்.

எஞ்சின் பழையதாயினும் அதிலிடும் பெட்ரோல் பழையதன்று என்பதை முதலில் உணர்தல் வேண்டும். பெட்ரோலுடன் எத்தனால் என்னும் ஆல்கஹாலைக் கலக்கும் திட்டம் நம் நாட்டில் 2003-இல் 5 சதவீதத்துடன் தொடங்கியது. 2022-இல் 10 சதவீதம் எட்டப்பட்டது. 2023 பிப்ரவரி முதல் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவியது. கரும்பு விளையும் மகாராஷ்டிரத்திற்கு இதனால் விளையும் பயன் வேறு செய்தி. இங்குக் கருதத்தக்கது எஞ்சினுக்கு உண்டாகும் மாறுதலேயாகும்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். பழைய பெட்ரோலுக்கெனத் திருத்திய கார்புரேட்டரிற் புதிய கலவையை இட்டால், காற்று மிகுந்து எரிபொருள் குறைந்த நிலை ஏற்படும். எஞ்சின் குளிர்ந்திருக்கையிற் புறப்படத் தயங்குவதும், வேலையின்போது மிகையாகச் சூடேறுவதும் இதன் விளைவுகள். மேலும் எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்ட வெப்பத்தை ஈர்ப்பதால், மழைநாட் காலையில் இத்தயக்கம் மிகுகிறது. சிறு எஞ்சின் கையேடுகள் பல 10 சதவீத எத்தனாலையே மேல் எல்லையாகக் குறிப்பிடுகின்றன. தம்மிடமுள்ள எஞ்சினின் கையேட்டில் எவ்வளவு எனக் களப்பணியாளர் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

இவற்றினும் கொடியது நீர். எத்தனால் நீரை நாடும் இயல்பினது. கலவையில் நீர் ஓரளவு வரை கண்ணுக்குத் தெரியாமற் கரைந்திருக்கும். 10 சதவீதக் கலவை ஒரு லிட்டரில் சுமார் 5 மில்லிலிட்டர் நீர், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, கரையும். 20 சதவீதக் கலவை இன்னும் மிகுதியாகத் தாங்கும். அவ்வளவைத் தாண்டினாலோ குளிர்ச்சி மிகுந்தாலோ, நீரும் எத்தனாலும் ஒன்றுகூடி அடியில் தனிப்படலமாகப் பிரிந்து நிற்கும். காற்றின் ஈரத்தையே முழுக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. மூடி இறுகாத கேனில் நேரே புகும் மழைநீர்க்கே இதிற் பெரும்பங்கு உண்டு.

இரு வீச்சு எஞ்சினில் தனியே எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலிற் கலந்த டூ-டி ஆயிலே பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் மசகாகும். நீர் பிரிந்துவிட்டால் ஆயில் மேலுள்ள பெட்ரோலிலேயே தங்கிவிடும். எரிபொருளை உறிஞ்சும் குழாயின் நுனியிலுள்ள கனத்த வடிகட்டியோ தொட்டியின் அடியிற் கிடக்கும். எனவே எஞ்சினுக்குச் செல்வது ஆயிலற்ற நீர்க்கலவையே. பெரும்பாலும் எஞ்சின் புறப்படாது. அது நல்வினை எனலாம். தப்பித் தவறி ஓடத் தொடங்கினால், சிறிது நேரத்திற் பிஸ்டன் சிலிண்டரிற் பிடித்து, வேலைக்கூலியும் உறுப்புகளின் விலையும் சேர்ந்து பெருஞ்செலவாகிவிடும்.

புறப்படாத எஞ்சினைக் கண்டவுடன் கார்புரேட்டரின் திருகுகளைத் திருப்பத் தொடங்குவது பரவலான பழக்கம். தவறான பழக்கமும் ஆகும். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நோக்குக. நுனி நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, அளவுக்கு மிஞ்சி வந்துள்ளது எனப் பொருள். சோக்கை முழுதும் அடைத்தபடி, முதல் 'டப்' ஒலி கேட்ட பின்னரும் இழுத்துக்கொண்டே இருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். அவ்வொலி கேட்டவுடன் சோக்கைத் திறத்தல் வேண்டும். நனைந்த எஞ்சினைப் பிளக்கின்றிச் சில முறை இழுத்து, பிளக்கைத் துடைத்து மாட்டினாற் போதும். பொறி வருகிறதா எனச் சோதிக்கையில், பிளக்குத் துளைக்கு வெகு அருகில் அதனைப் பிடித்தலாகாது. துளையினின்று தெறிக்கும் பெட்ரோல் தீப்பற்றக்கூடும்.

பிளக்கு வறண்டிருந்தால் தடை எரிபொருட் பாதையில் உள்ளது. இரம்பத்தை எப்பக்கம் சாய்த்தும் இயக்க வேண்டியிருப்பதால், அதன் கார்புரேட்டரில் மிதவை இல்லை. மெல்லிய சவ்வுகளே உண்டு. பழைய பெட்ரோலிற் கிடந்து இச்சவ்வுகள் விறைத்துப்போனால் எரிபொருள் ஏறாது. நீர் இறைக்கும் பம்பு, ஜெனரேட்டர் ஆகியவற்றின் மிதவைக் கார்புரேட்டரிலோ பிசின் படிந்து ஜெட் துளை அடைபடும். சில நிமிடம் ஓடி நின்றுவிடும் எஞ்சினில் தொட்டி மூடியைச் சற்றுத் தளர்த்துக. 'புஸ்' என்று காற்றை உள்ளிழுத்து, பின் எஞ்சின் புறப்பட்டால் காற்றுப்புழை அடைபட்டுள்ளது என்பது தெளிவு. அதற்காகக் கார்புரேட்டரைப் பிரிப்பது வீண்வேலை.

50-க்கு 1 என்ற கலவைக்கு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் ஆயில் வேண்டும். கண்ணளவில் ஊற்றலாகாது. கலந்த தேதியைக் கேன்மீது எழுதி, ஒரு மாதத்திற்குள் தீர்த்துவிடுதல் முறை. இரம்பத்தைக் கிடங்கில் வைக்குமுன் தொட்டியைக் காலிசெய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டிவிடுக.

பள்ளி ஆசிரியர்கள் எத்தனாலின் அளவை எளிதிற் காட்டலாம். காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பேதுமின்றி, 100 மில்லிலிட்டர் அளவுச்சாடியில் 10 மில்லிலிட்டர் நீரும் 90 மில்லிலிட்டர் ஆயில் கலவாத பெட்ரோலும் ஊற்றி மூடிக் குலுக்கி, அசையாது வைக்கவும். எத்தனால் நீரிற் சேர்வதால் அடிப்படலம் உயரும். 20 சதவீதக் கலவையாயின் அது 28-ஐ நெருங்கும். ஆல்கஹாலும் நீரும் கலக்கையிற் கன அளவு சிறிது சுருங்குமாதலால் சற்றுக் குறைவாகவே நிற்கும். சோதித்த பெட்ரோலைச் சாக்கடையிற் கொட்டலாகாது, எஞ்சினிலும் இடலாகாது.