எந்த அணையில் தண்ணீர் அதிகம்?

கேள்வி: நாலாவது படிக்கும் என் மகள், பட்டை வரைபடத்தில் எது உயரம் என்று உடனே சொல்லிவிடுகிறாள். ‘எவ்வளவு அதிகம்?’ என்றால் முழிக்கிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: கழித்தல் தெரியாமல் முழிக்கவில்லை அம்மணி. பட்டையைப் பார்க்கிறாள், ஓரத்து எண்களைப் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

நாளிதழில் அணைகளின் நீர்மட்டம் வருமே, அதையே பாடமாக்குங்கள். முழு நீர்மட்டம் ஆழியாறுக்கு 120 அடி, பவானிசாகருக்கு 105, மேட்டூருக்கு 120. கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு 10 அடி என வரையச் சொல்லுங்கள். ஆழியாறு 12 கட்டம், பவானிசாகர் பத்தரை. அந்த ஒன்றரைக் கட்டம் எத்தனை அடி? 15 என்று அவளே சொல்லட்டும்.

இனிமேல்தான் சுவாரசியம். ‘எதில் தண்ணீர் அதிகம்?’ என்று கேளுங்கள். ஆழியாறும் மேட்டூரும் சமம், பவானிசாகர் குறைவு என்பாள். பெரியவர்களே அப்படித்தான் சொல்வார்கள்! ஆழியாறின் கொள்ளளவு 4 டி.எம்.சி.கூட இல்லை, பவானிசாகருக்கு 32-க்கு மேல், மேட்டூருக்கு 93-க்கு மேல். இதற்குத் தனியாக ஒரு வரைபடம் போட்டால் ஆழியாறின் பட்டை தரையோடு ஒட்டிக்கொள்ளும். முதல் படம் பொய் சொல்லவில்லை. அது உயரத்தைச் சொன்னது, கொள்ளளவை அல்ல.

இன்னொன்று: எண்களைச் சுழியத்துக்குப் பதில் 100-இல் தொடங்கி வரைந்தால், ஆழியாறு பவானிசாகரைப் போல நான்கு மடங்கு உயரமாகத் தெரியும். தேர்தல் நேரத்துப் படங்களில் இந்த வித்தையைப் பார்க்கலாம்.

தலைப்பையும் ஓரத்து எண்களையும் வாய்விட்டுப் படித்த பிறகே பட்டையைப் பார்க்க விடுங்கள்.