நேர்வழியும் சுற்றுவழியும்

இந்திய வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கிழக்கே மேற்கு வங்காளம் இருக்கிறது. அதன் தலைநகர் கொல்கத்தா. வடகிழக்கே திரிபுரா என்ற சிறிய மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் அகர்தலா. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே எவ்வளவு தூரம்?

இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. ஆகாய வழியில் சுமார் 320 கிலோமீட்டர். ரயில் வழியில் 1,500 கிலோமீட்டருக்கும் மேல்!

ஏன் இந்த வித்தியாசம்? ஒரு பெரிய ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். அக்கரையில் ஓர் ஊர். கொக்கு நேராகப் பறந்து போகும். நாமோ கரையைச் சுற்றித்தான் போக வேண்டும். கொல்கத்தாவுக்கும் அகர்தலாவுக்கும் நடுவே ஏரி இல்லை. வேறொரு நாடு இருக்கிறது. அதுதான் வங்கதேசம்.

1947-க்கு முன்பு இங்கே எல்லைக்கோடு இல்லை. அகர்தலா மக்கள் பக்கத்தில் உள்ள அகௌராவுக்குப் போய் ரயில் ஏறினார்கள். நாடு பிரிந்தது. அகௌரா எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அகர்தலாவுக்கே ரயில் வந்தது 2008-இல்தான். அந்த ரயில் பாதை வடக்கே சிலிகுரி வரை ஏறி, அசாம் வழியாகச் சுற்றி வருகிறது. விமானம் வங்கதேசத்தின் மேலே நேராகப் பறக்கிறது.

இப்போது நேரக் கணக்கைப் பார்ப்போம். உயரத்தில் பறக்கும்போது ஜெட் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர். அப்படியானால் 320 கிலோமீட்டரைக் கடக்க 24 நிமிடம் போதும். ஆனால் பயண நேரம் சுமார் 1 மணி. ஏன்? விமானம் முதலில் தரையில் மெல்ல ஓடுகிறது. பிறகு மேலே ஏறுகிறது. இறங்கும்போது வேகத்தைக் குறைக்கிறது. இதற்கெல்லாம் நேரம் ஆகும்.

கொல்கத்தாவில் ஒருவர் வேலை செய்கிறார். அகர்தலாவில் அவருடைய தாய்க்கு உடம்பு மோசமாகிவிட்டது. ரயிலில் போனால் ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும். விமானத்தில் போனால் எவ்வளவு நேரம் ஆகும்?

வீட்டிலிருந்து விமான நிலையம் போக: 1 மணி
பரிசோதனை, காத்திருப்பு: 2 மணி
விமானப் பயணம்: 1 மணி
இறங்கி வீடு போய்ச் சேர: 1 மணி
மொத்தம்: 5 மணி

தாயின் முகத்தை அன்றே பார்த்துவிடலாம். ஆனால் ஒன்று. விமானம் 1 மணி நேரம்தானே என்று தாமதமாகக் கிளம்பினால் விமானம் போய்விடும். டிக்கெட்டில் உள்ள நேரத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். 14.30 என்றால் பிற்பகல் 2.30. 12-க்கு மேல் உள்ள மணியில் 12-ஐக் கழியுங்கள். டிக்கெட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டையும் எழுத்துக்கூட்டிப் பாருங்கள். படிக்கத் தெரிந்த கண்ணுக்கு இது ஒரு நிமிட வேலை.

பயிற்சி

1. ரயில் வழி ஏன் இவ்வளவு நீளம்? இரண்டு வரிகளில் எழுதுங்கள்.
2. விமானம் 16.20-க்குப் புறப்படுகிறது. 2 மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?
3. உங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நேர்வழி உண்டா? சுற்றுவழி உண்டா? படம் வரைந்து காட்டுங்கள்.