சனி, சந்திரன் சேர்ந்தால் கல்யாணம் தடைப்படுமா?

உங்கள் மகளின் ஜாதகத்தில் சனியும் சந்திரனும் ஒரே ராசியிலா? ‘புனர்பூ தோஷம்’ என்றதும் கலங்காதீர்கள். சந்திரன் ஒரு ராசியில் இரண்டேகால் நாள் தங்குவார். சுமார் 27 நாளுக்கு ஒருமுறை சனியைச் சந்தித்தே தீருவார். ஆக, ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இந்தச் சேர்க்கை உண்டு. அத்தனை பேருக்குமா கல்யாணம் நின்றுபோகிறது?

சந்திரன் மனோகாரகன், சனி மந்தன். தாமதம், தயக்கம் என்றே பலன் கொள்ளுங்கள். வளர்பிறைச் சந்திரனா, குருவின் 5, 7, 9-ம் பார்வை உண்டா என்று பாருங்கள். இருந்தால் தோஷம் தணியும். மருமகளாக வரப்போகிறவளின் ஜாதகத்துக்கும் இதே நியாயம்தான்; இதை மட்டும் சொல்லி ஒரு பெண்ணைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

புதுக்கோட்டை மாவட்டம், அறந்தாங்கி அருகே எட்டியத்தளி அகஸ்தீஸ்வரர் கோயில் சனி பரிகாரத் தலம். சனிக்கிழமையில் மகளுடன் சென்று நல்லெண்ணெய் தீபம் ஏற்றுங்கள். சனி மெதுவாகக் கொடுத்தாலும் நிலையாகக் கொடுப்பார்.