கரிசல் காட்டுக்கு ஏத்த சைக்கிள்: தேர்வு செய்வது எப்படி, மாற்றி அமைப்பது எப்படி?

சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கியர் அண்ணே?" என்பதுதான். கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, விளாத்திகுளம் பக்கம் இருப்பவர்கள் அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மழையில் கரிசல் மண் அப்பினால் சக்கரம் சுத்துமா? வேலிக்காத்தான் முள் ஏறினால் எங்க ஊர்லயே சரி பண்ண முடியுமா? ஆடிக் காத்தை எதிர்த்து மிதிக்க முடியுமா? இதற்கெல்லாம் பதில் இல்லாத சைக்கிள், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சீக்கிரமே சுவரோரம் சாய்ந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலைக்கு 8 கி.மீ. என்றால் போக வர 16 கி.மீ. மாதம் 26 நாளுக்கு 416 கி.மீ. லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் பைக்குக்கு இதற்கே 8 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். சைக்கிளில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் நிதானமாக மிதித்தாலே ஒரு வழிக்கு 40 நிமிடம்தான். ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை.

வீட்டில் இருப்பதை முதலில் பாருங்கள்

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11ஆம் வகுப்பு படிப்பவர்களுக்குத் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. பிள்ளை கல்லூரிக்குப் போனதும் அந்த சைக்கிள் பல வீடுகளில் சும்மாவே நிற்கிறது. பிரேம் வளையாமல், வெல்டிங் விடாமல் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் மாற்றி ஒரு ஓவராலிங் செய்தால் தினசரி வேலைக்குத் தாராளமாகப் போதும். கீழே சொல்லும் மாற்றங்கள் எல்லாவற்றையும் அதிலேயே செய்யலாம்.

உயரம் சரியா?

குறுக்குக் கம்பி உள்ள சைக்கிள் என்றால், இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கும்போது கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளியாவது வேண்டும். சீட் உயரத்துக்கு ஒரு எளிய வழி உண்டு. சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது அதில் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நீண்டால் உயரம் சரி. பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது கால் லேசாக மடங்கும். பலர் பயத்தில் சீட்டை ரொம்பத் தாழ்த்தி வைக்கிறார்கள். முழங்கால் வலிக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

'லேடீஸ்', 'ஜென்ட்ஸ்' என்ற பேதமும் தேவையில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அவரவர் தேவைதான் அளவுகோல். சேலை கட்டி ஓட்டுபவருக்குக் கம்பி இல்லாதது வசதி. சுமை ஏற்றுபவருக்குக் கம்பி உள்ளது உறுதி.

டயரில் உள்ள எண்ணைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் 37-590 என்பது போல ஒரு எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். இதைப் பார்க்காமல் "26 இஞ்ச் டயர் கொடுங்க" என்று கேட்டால் ஏமாற்றம்தான். சாதாரண சைக்கிளின் 26 × 1⅜ டயர் 590. எம்டிபி வகையின் 26 × 1.95 டயர் 559. இரண்டும் '26'தான், ஆனால் ஒன்று மற்றதில் ஏறாது. பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ டயர் 635.

அதனால் புது சைக்கிள் வாங்கும் முன் அந்த எண்ணை போனில் படம் எடுத்து, உங்க ஊர் சைக்கிள் கடையில் காட்டுங்கள். "இந்த டயர், டியூப் இங்க கிடைக்குமா?" என்று கேளுங்கள். "மதுரையிலதான் வாங்கணும்" என்று பதில் வந்தால் யோசிக்க வேண்டும்.

மண், முள், காற்று

மண்: கரிசலில் களி அதிகம். நனைந்தால் உப்பும், ஒட்டும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டுப் பாதையில் இறங்கினால், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அடைத்துச் சக்கரம் நின்றே போகும். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவுக்காவது இடம் இருக்கட்டும். அகலமான டயர் போட்டு அந்த இடத்தை அடைக்காதீர்கள். ஈரத்தில் எஃகு ரிம்மில் பிரேக் பிடிக்க நேரமாகும். ரிம் மாற்றும் நிலை வந்தால் அலுமினிய ரிம் போடலாம். கோடையில் தூசிதான் எதிரி. செயினை உலர்ந்த துணியால் துடைத்து, இணைப்புக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வழிந்தால் தூசியோடு சேர்ந்து செயினை அரைத்துவிடும். முழுச் செயின் கவர் இந்த ஊருக்கு ரொம்ப நல்லது.

முள்: பஞ்சர் ஒட்டியதும் அவசரமாக டியூபை உள்ளே தள்ளாதீர்கள். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் தடவுங்கள். துணி சிக்கும் இடத்தில் முள்முனை இருக்கும். அதை எடுக்காவிட்டால் அடுத்த தெருவிலேயே மறுபடி பஞ்சர். காற்று எவ்வளவு என்பதும் டயரிலேயே அச்சிட்டிருக்கும், அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். வழுவழுப்பாகத் தேய்ந்த டயரில் முள் சுலபமாக ஏறும்.

காற்று: கயத்தாறு பக்கம் இத்தனை காற்றாலைகள் ஏன் நிற்கின்றன? ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கு மலைக் கணவாய்கள் வழியாக வீசும் காற்றுதான் காரணம். இதற்கு 21 கியர் தேவையில்லை. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள 28 இஞ்ச் சைக்கிள், பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் 5.5 மீட்டர் போகும். பின்னால் ஃப்ரீவீலை 22 பல்லாக மாற்றினால் சுமார் 4.5 மீட்டர். வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் எதிர்காத்திலும் சுமையோடும் கால் ஓயாது. செயின் நீளம் பத்தாவிட்டால் கடைக்காரர் இணைப்பு சேர்த்துத் தருவார். கியர் வேண்டும் என்பவர்களுக்குப் பின்னால் மட்டும் 6, 7 கியர் போதும். முன்பக்க ஷாக் அப்சார்பர் எடையைக் கூட்டும், கிராமத்தில் பழுது பார்ப்பதும் கஷ்டம்.

தினசரி பழகிய பிறகு தூரப் பயணம்

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சுமார் 15 கி.மீ.யில் பாரதியார் பிறந்த எட்டயபுரம். மேற்கே 20 கி.மீ.க்குச் சற்று மேல், ஒரே பாறையில் குடைந்த வெட்டுவான் கோயில் உள்ள கழுகுமலை. காற்று மாதங்களில் முதலில் கழுகுமலைக்குப் போங்கள். போகும்போது எதிர்காற்று, களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். எட்டயபுரம் போனால் நேர்மாறு. போகும்போது சுகமாக இருக்கிறதே என்று நம்பித் தூரத்தைக் கூட்டிவிட வேண்டாம்.

சுமையை முதுகில் தூக்காமல் கேரியரின் இருபுறமும் சமமாக, தாழ்வாகத் தொங்கவிடுங்கள். கேன்வாஸ் துணியில் உள்ளூர் தையல்காரரே பை தைத்துத் தருவார். கோடையில் விடியும் முன் கிளம்பி, வெயில் ஏறும் முன் முடித்துக்கொள்ளுங்கள். வழியில் நிழல் குறைவு, தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். மழைக்காலத்தில் 'டிஎன் அலர்ட்' செயலியில் எச்சரிக்கை பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

தேசிய நெடுஞ்சாலை 44இல் சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதிலேயே போங்கள். "கொஞ்ச தூரம்தானே" என்று எதிர்த்திசையில் வருவது உயிருக்கே ஆபத்து. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ரிஃப்ளெக்டர், ஹெல்மெட் நான்கும் மற்ற எல்லா அலங்காரத்துக்கும் முந்தியவை.

வாங்கும் நாளில் மறக்கக் கூடாதவை

• பில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது, பில்லில் சரிபாருங்கள்.

• பிரேம் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியிலோ சீட் குழாயிலோ இருக்கும். திருட்டுப் புகார் கொடுக்கும்போது இதுதான் அடையாளம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் ஆன்லைனிலும் புகார் பதியலாம்.

• பையில் எப்போதும்: ஒரு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் லீவர் இரண்டு, ஸ்பேனர், சிறிய பம்பு.

• முதல் மாதம் முடிந்ததும் ஸ்போக்ஸ், பிரேக், நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது சைக்கிளில் இவை தளர்வது இயல்பு.

• தேவைப்படும் எண்கள்: ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலை உதவி 1033, நுகர்வோர் உதவி 1915, முதல்வரின் உதவி மையம் 1100. இன்றே போனில் சேமித்து வையுங்கள்.