சாயத் தொட்டியின் உஷ்ணம்: கணக்கும் அளவீடும்

சாயத் தொட்டியில் உஷ்ணம் தாறுமாறாக ஏறினால் நூலில் சாயம் திட்டுத் திட்டாகப் பற்றும். அந்நூலில் நெய்த சேலை விலைபோகாது. ஆகவே, நீராவியைத் தானே திறந்து மூடும் கட்டுப்பாட்டுக் கருவியை எவ்வாறு அமைப்பது என்பது அங்கத்தினரின் கூலியைத் தொடும் விஷயமாகும்.

முதல் வழி கணக்கு. 1,000 லிட்டர் நீரை 30 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 90 டிகிரிக்கு உயர்த்த 60,000 கிலோகலோரி வேண்டும். ஒரு கிலோ நீராவி நீராக மாறுகையில் சுமார் 540 கிலோகலோரி தருமாதலின், ஏறக்குறைய 110 கிலோ நீராவி தேவை. குழாயும் கொதிகலனும் போதுமா என்பதை வாங்குமுன் அறிய இதனினும் மலிவான வழி இல்லை. யந்திரங்களின் வேகத்தைச் சீராக்கும் கவர்னர் எந்நிலையில் அமைதியுறும், எந்நிலையில் அதன் ஊசலாட்டம் பெருகும் என்பதை மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் 1868-ல் சமன்பாடுகளாலேயே காட்டினார்.

எனினும் கணக்குக்கு எட்டாதன சில உள. நீராவிச் சுருளின்மீது எவ்வளவு உப்புப் படிந்துள்ளது? உறைக்குள் இருக்கும் உஷ்ணமானி எத்தனை வினாடி பின்தங்குகிறது? நூல் நிறைந்த தொட்டியில் நீர் எவ்வாறு சுழல்கிறது? காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இத்தாமதமே. நீர் சூடேறியது கருவிக்குத் தெரியுமுன் நீராவி மேலும் புகுந்துவிடும்.

இதனை அளந்தே அறிதல் வேண்டும். 1942-ல் அமெரிக்காவில் ஸீக்லர், நிக்கல்ஸ் என்னும் இருவர் இதற்கு முறை வகுத்தனர். சிறு வேறுபாட்டுக்கு வால்வை எவ்வளவு அசைப்பது என்னும் கூர்மையை, உஷ்ணம் ஓயாது ஒரே அளவில் ஊசலாடும்வரை உயர்த்தி, பின் அதில் பாதியில் நிறுத்துவது அதன் எளிய வடிவம். ஒவ்வோர் ஊசலாட்டமும் முந்தியதில் நான்கில் ஒரு பங்காகத் தணிந்தால் போதுமென்பது அவர்கள் கொண்ட அளவு. சாயத்துக்கு அது போதாது என்பது நம் அபிப்பிராயம். இன்னும் குறைத்தே வைக்க வேண்டும். கொதிகலனிலோ இவ்வூசலாட்டச் சோதனையைச் செய்யவே கூடாது.

அவர்களே கூறிய மற்றொரு வழி நமக்கு ஏற்றது. வால்வைச் சிறிது திறந்து, அரை நிமிஷத்துக்கொரு முறை உஷ்ணத்தைக் குறித்து, கட்டத்தாளில் கோடு வரைய வேண்டும். எவ்வளவு நேரங்கழித்து உஷ்ணம் ஏறத் தொடங்கிற்று, எத்துணை வேகத்தில் ஏறிற்று என்னும் இரண்டும் அக்கோட்டிலேயே கிடைக்கும். வெறும் நீரில் செய்யும் சோதனை ஏமாற்றிவிடும். சாயமிடாது, வழக்கமான எடைக்குக் கழிவு நூலை இட்டுச் செய்தால் நஷ்டமும் இல்லை.

விற்பனையாளர் கணக்குத்தாளைக் கொடுப்பதோடு, நம் தொட்டியில் இச்சோதனையைச் செய்து காட்டிய பின்னரே கடைசித் தவணை தரப்படும் என்பதை டெண்டர் நிபந்தனையில் நிர்வாகக் குழு சேர்த்துக்கொள்ளலாம். சுருளைச் சுத்தம் செய்தாலும் தொட்டியை மாற்றினாலும் கோட்டை மறுபடி வரைந்து, பழைய தாளோடு ஒப்பிட்டு, இரண்டையும் பட்டறையிலேயே வைத்திருக்க வேண்டும்.