கிதாராவும் யாழும்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது அரிக்கமேடு. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான 'எரித்திரேயக் கடற்பயணக் குறிப்பு' கூறும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்பர் ஆய்வாளர். 1945இல் மார்ட்டிமர் வீலர் நிகழ்த்திய அகழாய்வில் யவன மதுச்சாடிகளின் சிதைவுகள் இங்குக் கிடைத்தன. சாடிகள் மண்ணுள் புதைந்தன. யவனர்தம் இசைச்சொல் ஒன்றோ பல நூற்றாண்டுகள் கழித்து, வேறு வழியாக இவ்வூரை வந்தடைந்தது. இன்று இளைஞர் தோளில் தொங்கும் 'கித்தார்' அச்சொல்லின் வழிவந்ததே.

கிரேக்கரின் 'கிதாரா', மரப்பேழையும் இரு கைகளும் குறுக்குச் சட்டமும் கொண்ட நரம்புக் கருவி. ஏழு நரம்புகள் உடையதே பெருவழக்கு. தேர்ந்த கலைஞர் அரங்கில் இசைத்த கருவியாதலின், இளையோர் கல்விக்கு இது வேண்டா என்றார் அரிஸ்டாட்டில். ஓமர் காப்பியங்களில் இதன் பழைய வடிவமான 'கிதாரிஸ்' கருவியையும் அதனை இசைக்கும் கலையையும் ஒருங்கே குறித்தது. நெஞ்சுக்கூட்டைக் குறிக்கும் 'கிதாரோஸ்' என்னும் சொல்லும் கிரேக்க மருத்துவ நூல்களில் உண்டு.

இச்சொல் அரபியில் 'கீதாரா' எனவும், ஸ்பானியத்தில் 'கிதார்ரா' எனவும் திரிந்து, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் புகுந்தது. 'சித்தார்' என்பதும் இதன் உறவே எனக் கருதுவோர் உளர். ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. சித்தார், 'மூன்று தந்தி' எனப் பொருள்படும் பாரசீகச் சொல்.

பெயர் தொடர்ந்ததேயன்றிக் கருவி தொடரவில்லை. கிதாராவில் பெரும்பாலும் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். கித்தாரிலோ ஒரே தந்தியை வெவ்வேறிடத்தில் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். வடமொழி 'வீணை'யின் வரலாறும் இத்தகையதே. முற்காலத்தில் வில் வடிவ நரம்புக் கருவியைச் சுட்டிய அச்சொல், பின்னர் மெட்டுகள் பொருந்திய கருவிக்கு உரியதாயிற்று.

தமிழின் 'யாழ்' வேறு வழிச் சென்றது. திண்டிவனப் பகுதியை ஆண்ட நல்லியக்கோடனைப் போற்றும் சிறுபாணாற்றுப்படை, சீறியாழ் இசைத்த பாணரால் பெயர்பெற்றது. கருவியைக் குறித்த யாழ், அதில் எழும் பண்ணுக்கும் பெயராயிற்று. பாலையாழ், முல்லையாழ் என்பன பண்களே. ஆயினும், வில்யாழ் வழக்கொழிந்தபின் அதன் இடத்தைப் பெற்ற கருவி அதன் பெயரைப் பெறவில்லை. விபுலானந்த அடிகள் பழந்தமிழ் நூல்களைக் கொண்டு யாழின் அமைப்பையும் சுரங்களையும் கணித்து இயற்றிய 'யாழ் நூல்' 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது.