குடும்ப வன்முறையும் சொத்துத் தீர்வும்: அந்தமான் தீவுகளில் ஒரு நோக்கு

திருமணம் முறியும்போது வீடு யாருக்கு, நிலம் யாருக்கு, சேமிப்பு யாருக்கு என்ற வினாக்கள் எழுவது இயல்பு. முறிவுக்குக் காரணம் வன்முறையாக இருப்பின் அவ்வினாக்களின் தன்மையே மாறிவிடுகிறது. அடிக்கு அஞ்சி உடுத்த துணியோடு வெளியேறும் பெண், பேசித் தீர்க்கும் வலிமையை இழந்த நிலையில்தான் சமரசத்துக்கு அமர்கிறாள். உயிர்ப் பாதுகாப்பு கிட்டினால் போதும் என்று எண்ணி, விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டு விடுகிறாள். ஆகவே வன்முறையின் விளைவைக் கணக்கிடும்போது அதனால் நேரும் பொருள் இழப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டியுள்ளது.

நிலமும் ஆவணமும்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,80,581 மக்கள் வாழும் அந்தமான் நிக்கோபார் யூனியன் பிரதேசத்தில் வங்காளி, இந்தி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் தமிழ் பேசுவோர் மிகுதியாக உள்ளனர். 1949 முதல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டன. 1964ஆம் ஆண்டு உடன்பாட்டின் பயனாக இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வாழ்வு தொடங்கின. பிழைப்பை நாடித் தமிழகத்திலிருந்து வந்தோரும் பலர்.

1966ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறையின்படி இத்தீவுகளின் நிலம் அனைத்தும் அரசுக்கே உரியது. மக்கள் குத்தகையாளராகவோ, மானியம் அல்லது உரிமம் பெற்றவராகவோதான் அதனை அனுபவிக்கின்றனர். காடு திருத்தித் தென்னையும் பாக்கும் வளர்த்த உழைப்பில் மனைவிக்கும் பங்குண்டு. ஆவணத்தில் காணப்படுவதோ பொதுவாகக் குடும்பத் தலைவரின் பெயர். திருமணம் முறியும் நாளில் இந்த இடைவெளி பெரிதாகத் தெரிகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

திருமண காலத்தில் ஈட்டிய சொத்து இருவருக்கும் பொது என்னும் கொள்கை, கோவா நீங்கலாக, இந்தியச் சட்டத்தில் பொது விதியாக இல்லை. இந்துத் திருமணச் சட்டம் (1955) 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வழங்கப்பட்ட பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எனினும், வன்முறையை வழக்கு மன்றம் கருத்தில் கொள்வதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு. நிரந்தர ஜீவனாம்சத்தை முடிவு செய்யும்போது இருவரின் வருமானம், சொத்து ஆகியவற்றோடு நடத்தையையும் மன்றம் பார்க்கலாம். தேவையாயின் அத்தொகைக்குக் கணவனின் அசையாச் சொத்தைப் பொறுப்பாக்கலாம்.

இரண்டாவது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் (2005). இது மத வேறுபாடின்றி அனைவருக்கும் பொருந்தும். செலவுக்குப் பணம் தர மறுப்பது, சீதனத்தைப் பறிப்பது, சொத்தை விற்றுவிடுவது ஆகியவற்றை இச்சட்டம் பொருளாதார வன்முறை என்றே வகைப்படுத்துகிறது. பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை (பிரிவு 17), அவ்வீட்டை விற்கத் தடையும் சீதனத்தை மீட்டலும் (பிரிவு 19), பண உதவி (பிரிவு 20), இழப்பீடு (பிரிவு 22) ஆகியவை இதன்கீழ்க் கிடைக்கும். மாமனார் பெயரில் உள்ள வீடாயினும் குடியிருக்கும் உரிமை எழக்கூடும் என்று உச்ச நீதி மன்றம் 2020இல் சதீஷ் சந்தர் அகூஜா வழக்கில் தீர்ப்பளித்து, 2006ஆம் ஆண்டின் குறுகிய விளக்கத்தை மாற்றியது.

மூன்றாவது, சம்மதத்தின் தூய்மை. பரஸ்பர சம்மத மணவிலக்கில், சம்மதம் வற்புறுத்தலால் பெறப்படவில்லை என மன்றம் மனநிறைவு அடைய வேண்டும். அச்சுறுத்திப் பெற்ற ஒப்பந்தம், அச்சுறுத்தப்பட்டவரின் விருப்பப்படி செல்லாததாக்கத் தக்கது என்று ஒப்பந்தச் சட்டமும் (1872) கூறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

ஃபெரார்கஞ்சுப் பகுதியில் பாக்குத் தோட்டம் உள்ள ஒரு குடும்பத்தைக் கற்பனையாகக் கொள்ளலாம். தோட்டம் கணவன் பெயரில் உள்ளது. தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வாங்க மனைவியின் 10 பவுன் நகை விற்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அவள் அடித்து விரட்டப்படுகிறாள். தோட்டத்தைக் கைமாற்றக் கணவன் முயல்கிறான்.

நகை அவளுடையதே, கணவன் அதனை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பவன் மட்டுமே என்பது 1985ஆம் ஆண்டின் பிரதிபா ராணி தீர்ப்பு. ஆகவே நகையை அல்லது அதன் மதிப்பை அவள் கோரலாம். சொத்தைக் கைமாற்றுவதற்கு இடைக்காலத் தடை பெறலாம். இருப்பிடம், பராமரிப்பு, இழப்பீடு ஆகியவற்றைக் கோரலாம். 2020ஆம் ஆண்டின் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பின்படி இரு தரப்பினரும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாக அளிக்க வேண்டும். பராமரிப்புத் தொகை மனுச் செய்த நாள் முதல் கணக்காகும். ஆனால், தோட்டத்தில் சரிபாதியை உரிமையாகக் கேட்க அவளுக்கு நேரடிச் சட்டம் இல்லை. இல்லத்தரசியின் உழைப்பும் சொத்து ஈட்டலுக்கான பங்களிப்பே என்று சென்னை உயர் நீதி மன்றம் 2023இல் கூறியது. அத்தீர்ப்பு, கல்கத்தா உயர் நீதி மன்றத்தின் ஆட்சி எல்லைக்குட்பட்ட இத்தீவுகளைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டிப் பயன்படுத்தலாம்.

தீவுகளுக்கே உரிய இடர்கள்

கல்கத்தா உயர் நீதி மன்றத்தின் சுற்று அமர்வு, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் நடைபெறுகிறது. பெரிய நிக்கோபாரிலிருந்து அங்கு வர நெடுங்கடல் கடக்க வேண்டும். தாய்வீடு தமிழகத்தில் இருப்பின், இடையே உள்ளது ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல். இவ்விடரை உணர்ந்தே, பாதிக்கப்பட்டவள் தற்காலிகமாகத் தங்கும் இடத்திலும் மனுச் செய்யலாம் என்றும், ஆணை நாடு முழுவதும் செல்லும் என்றும் 27ஆம் பிரிவு வகுத்துள்ளது. தாய்வீடு திரும்பியவள் அவ்வூர் மன்றத்திலேயே மனுச் செய்யலாம்.

நிக்கோபார் மக்களிடையே தென்னந்தோப்பும் நிலமும் ‘துகெத்’ என்னும் கூட்டுக் குடும்பத்துக்கு உரியவை. பழங்குடியினருக்கு, மைய அரசு அறிவிக்கை செய்தாலன்றி, இந்துச் சட்டங்கள் பொருந்தா. அங்குத் தம்பதியரிடையே சொத்துப் பிரிவினை என்னும் பேச்சுக்கே இடம் குறைவு. இருப்பிடமும் பராமரிப்பும் உறுதியாவதே அங்கு முதன்மையான பாதுகாப்பாகும்.

செய்யத்தக்கவை

திருமண முறிவின்போது கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர வகைசெய்த மசோதா 2013இல் மாநிலங்கள் அவையில் நிறைவேறியும் பின்னர் காலாவதியாயிற்று. ஆஸ்திரேலியாவிலோ, வன்முறையின் பொருளாதார விளைவைச் சொத்துத் தீர்வில் மன்றம் கருத வேண்டும் என்னும் திருத்தம் 2025 ஜூன் 10 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இந்தியாவிலும் அத்தகைய தெளிவு தேவைப்படுகிறது.

சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியனவும் உள்ளன. நிலம், வீடு ஆகியவற்றை அரசு ஒதுக்கும்போது கணவன் மனைவி இருவர் பெயரிலும் ஆவணம் வழங்கலாம். பாதிக்கப்பட்ட பெண்கள், மருத்துவச் சான்று, நகை வாங்கிய சீட்டு, வங்கிக் கணக்கேடு ஆகியவற்றின் படிகளைப் பாதுகாப்பான இடத்தில் வைத்திருத்தல் நன்று. பாதுகாப்பு அலுவலர் பதிவு செய்யும் நிகழ்வு அறிக்கை வழக்குக்கு வலுவூட்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்கீழ், வருமான வரம்பின்றிப் பெண்கள் அனைவரும் இலவசச் சட்ட உதவி பெறலாம். இவ்வுதவியை நாடுமுன் எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிடாதிருத்தலே அவர்கள் மேற்கொள்ளத்தக்க முதல் எச்சரிக்கையாகும்.